மூன்று பேர் என்று மட்டும் சொன்ன கல்

எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் முன்சுவரில், பெரிய வாத்தியார் அறைக்கு வெளியே, ஒரு சின்ன வெள்ளைப் பளிங்குக் கல் பதித்திருக்கும். அந்தப் பள்ளியில் ஐந்து வருடம் படித்தவள் நான். மழைக்காலத்தில் குடை மாட்ட அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது ஞாபகம் இருக்கிறது, கல்லில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு நாள்கூடப் படித்ததில்லை. இங்கிலீஷில் இருந்தது, அதுவும் வருடா வருடம் சுண்ணாம்பு அடித்து எழுத்தெல்லாம் அடைந்து போயிருந்தது. ‘வெள்ளைக்காரன் வைச்ச கல்லு’ என்பார்கள், அத்தோடு சரி.

சில வருடங்களுக்கு முன் தம்பி போனில் பேசும்போது, “அக்கா, பழைய கட்டடத்தை இடிக்கப் போறாங்க, அந்தக் கல்லும் சேர்ந்து போயிடும் போல” என்றான். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னான். எனக்கு என்னவோ அன்று ராத்திரி முழுக்க அந்த ஆணியும் கல்லுமே கண்ணில் நின்றன. சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். வரலாற்று ஆர்வமெல்லாம் எனக்கு அதுவரை கிடையாது. வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவே இருக்காது, அதனால் பட்டாளக் கதை என்றால் எங்களுக்கு ரேஷன் அரிசி மாதிரி, வீட்டில் எப்போதும் இருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. சுண்ணாம்பைக் கரைக்கலாம் என்று தம்பி பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் கொண்டுவந்து ஒரு மூலையில் ஊற்றினான். நுரை பொங்கியது. “பாரு, எப்படி எடுக்குது” என்று நானும் சேர்ந்து சந்தோஷப்பட்டேன். பொங்கியது மேலே இருந்த சுண்ணாம்பு மட்டுமல்ல, கல்லும்தான். பளிங்கும் சுண்ணாம்புக்கல் வகையறா, ஆசிட் பட்டால் அதுவும் கரையும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். இன்றைக்கும் அந்த மூலை உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு போய், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. போகும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்புறம்தான் கல்வெட்டுகளோடு புழங்கும் ஒரு நண்பரைக் கேட்டேன். நன்றாகத் திட்டிவிட்டு வழி சொன்னார். ஈரத் துணியைக் கல்மேல் ஒட்டவைத்து ஊறவிட வேண்டும், மூங்கிலைச் சீவி அதன் நுனியால் மெதுவாக எடுக்க வேண்டும், பழைய டூத் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் போதும். கம்பி பிரஷ், சோப்புத் தூள், எலுமிச்சம்பழம், புளி எதுவும் கூடாது. எலுமிச்சையும் புளியும்கூட ஆசிட்தானே. மூன்று சாயங்காலம் ஆனது. எழுத்தைப் படிக்க அவர் சொன்ன யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இருட்டின பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல் கல்லின் ஓரத்தில் சுவரோடு சுவராகப் பிடித்துச் சாய்வாக அடியுங்கள் என்றார். அடித்ததும் பள்ளத்தில் எல்லாம் நிழல் விழுந்து, பகலில் கண்ணுக்கே தெரியாத எழுத்துகள் எழுந்து நின்றன. செல்போனில் அப்படியே படம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் வாசகம். இதே வாசகத்தோடு, எண்ணை மட்டும் மாற்றி, இந்தியாவில் பல கிராமங்களில் கல் வைத்திருக்கிறார்கள். சண்டை ஓய்ந்தது 1918 நவம்பரில். வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூனில். கல்லில் 1919 என்று இருப்பது அந்தக் கணக்கு. எங்கள் கல்லில் போனவர்கள் எண்ணிக்கை தெளிவாக இருந்தது. இறந்தவர்கள் எண்ணிக்கையில்தான் வில்லங்கம். எப்போதோ ஒரு பெயின்டர் எழுத்துகளுக்குக் கருப்பு எனாமல் தீட்டியபோது 3 என்ற எண்ணை 8 ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் இங்கிலீஷ் தெரிந்த இரண்டொருவர் அதைப் படித்து, ‘எட்டுப் பேர் செத்தாங்களாம்’ என்று சொல்லி, அதுவே கதையாக நின்றுவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் உளி பட்ட இடம் தனியாகத் தெரிந்தது, பெயின்ட் பட்ட இடம் தனியாகத் தெரிந்தது. மூன்றுதான். அதனால்தான் சொல்கிறேன், பழைய எழுத்தின்மேல் பெயின்ட் தீட்டி ‘பளிச்’ ஆக்காதீர்கள். தீட்டுகிறவர் கையில் வரலாறே மாறிவிடுகிறது.

சரி, மூன்று பேர். யார் அவர்கள்? கல்லில் ஒரு பெயர்கூட இல்லை.

ஊரில் பெரியவர்களைக் கேட்டேன். ‘ஜெர்மன் சண்டை’ என்றதும் எல்லாரும் எம்டன் கதைக்குப் போய்விடுகிறார்கள். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது, அதன் நினைவாக உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் ஒரு கல் இருக்கிறது, எல்லாம் உண்மை. ‘அவன் சரியான எம்டன்’ என்று இன்னமும் பேசுகிறோம். குண்டு போட்ட கப்பலின் பெயர் தமிழ்ச் சொல்லாகவே நிலைத்துவிட்டது, நம் ஊரிலிருந்து போனவன் பெயர் சொந்தத் தெருவில் தெரியவில்லை.

அடுத்து நான் செய்தது நந்தம்பாக்கம் போனது. மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டம் 1952-ல் அமைந்தது. புல் வெட்டி, செடி வைத்து, அவ்வளவு சுத்தமாகப் பராமரிக்கிறார்கள். அங்கே இருக்கும் 856 கல்லறைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. பின்பக்கம் முதல் உலகப் போருக்கான நினைவுச் சின்னம் ஒன்றும் உண்டு, ஆயிரத்துக்கு மேல் பெயர்கள். வெயிலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கள் ஊர்ச் சாயலில் ஒரு பெயர் இல்லை. இருக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. அது இந்தியாவில் இறந்து, அங்கங்கே பராமரிக்க முடியாத இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்களுக்கு வைத்தது. படைவீரனைப் பிறந்த ஊரில் தேடக் கூடாது, செத்த இடத்துக்கான பட்டியலில் தேட வேண்டும். ஒரு நாள் லீவு போட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

அப்படியானால் எங்கே செத்தார்கள்? நம் பக்கத்து ஆட்கள் அதிகம் சேர்ந்தது மதராஸ் சாப்பர்ஸ், பயனியர் படைகள், கர்னாடிக் காலாட்படைகள் போன்றவற்றில். சாப்பர் என்றால் பாலம் கட்டுவது, பாதை போடுவது, பதுங்கு குழி வெட்டுவது. இவர்களில் பலர் போனது மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்கு. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போனார்கள். சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் வரை அந்தப் போருக்குப் போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை.

ஈராக்கில் இறந்து, கல்லறை தெரியாமல் போனவர்களுக்காகப் பஸ்ராவில் 1929-ல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள், 40,000 பேருக்கு மேல் அதில் நினைவுகூரப்படுகிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு, இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் பெயர் இல்லை, இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். படித்ததும் எங்கள் பள்ளிக்கூடச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. இங்கேயும் எண், அங்கேயும் எண். 2021-ல், இந்த நினைவிடங்களைக் கவனித்துக்கொள்ளும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையமே இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாகக் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சில இடங்களில் எப்படியுமோ, நினைவுகூரப்படவே இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது.

ஆனால் கல்லில் ஏறாத பெயர்கள் பல, ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. அவர்களுடைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். தேடும் விதம்தான் முக்கியம். நான் முதலில் ஊர்ப் பெயரைப் போட்டேன், பூஜ்யம். ஏனென்றால் அன்றைய குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார், நம் ழகரமும் றகரமும் அவர் பேனாவில் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முனிசாமி என்ற ஒரே பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டு வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு, கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் மாவட்டத்தின் பழைய பெயரைப் போடுங்கள். இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வட ஆற்காடு, மதராஸ் என்று பல பதிவுகளில் இருக்கும். இன்றைய மாவட்டப் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. வட ஆற்காடு 1989-ல்தான் இரண்டாகப் பிரிந்தது, வேலூர் 2019-ல் மூன்றானது. கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் சேலம் என்று தேட வேண்டும், திண்டுக்கல்காரர்கள் மதுரை என்று. வருகிற பட்டியலை அப்படியே இறக்கி, தாலுகா வாரியாகப் பிரித்து, ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும். என் அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது, நான் மூன்று முறை தாண்டிப் போன வரியில் “ஏய், அது நம்ம ஊருடி” என்று அவர்தான் நிறுத்தினார்.

இன்னொன்று, சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கழுதை ஓட்டியவர், கூலிவேலைப் படை (லேபர் கோர்) ஆள் எல்லாருக்கும் ‘ஏவலர்’ என்ற கணக்கில் பதிவு உண்டு. துப்பாக்கி பிடிக்காதவன் பட்டாளத்துக்காரன் இல்லை என்று நாமே கழித்துவிட்டால் பாதிப் பேர் போய்விடுவார்கள். 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்கள்தான் அந்தப் பதிவேட்டில் வருவார்கள். காயத்தோடு ஊர் திரும்பி அதற்கு அப்புறம் செத்தவர் அதில் கிடைக்க மாட்டார்.

மூன்றில் இரண்டு பேர் கிடைத்தார்கள். இரண்டு பேரும் மெசபடோமியா. பெயர்களை இங்கே எழுதவில்லை, குடும்பத்தார் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். குடும்பத்தைக் கண்டுபிடித்தது தனிக் கதை. அப்பா பெயரை வைத்து ஊரில் வீடு வீடாக விசாரித்தேன், எங்கும் ஒரு துப்பும் இல்லை. ஆண் வாரிசு வழியாகவே தேடியதுதான் கோளாறு. இருபது வயதில் புருஷனை இழந்த பெண் மாமியார் வீட்டிலா உட்கார்ந்திருப்பாள்? கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். பென்ஷன் வந்திருந்தால் அங்கேதான் வந்திருக்கும், பதக்கமும் அங்கேதான் போயிருக்கும். என் பெரியம்மா ஒருத்தி இதைச் சொன்ன பிறகு, அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்த ஊர்களில் கேட்டேன். எட்டு மைல் தள்ளி ஒரு வீட்டில், மகள் வழிப் பேத்தி, எழுபது வயதுக்கு மேல், ‘எங்க அம்மாவோட அப்பா பஸ்ராவுக்குப் போனவரு’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். திரும்பி வந்து, மஞ்சள் துணியில் சுற்றிய பதக்கத்தைச் சாமி மாடத்திலிருந்து எடுத்துக் காட்டினார்.

பதக்கம் கிடைத்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் விளிம்பில்தான் இருக்கும், பூதக்கண்ணாடி வேண்டும். சிப்பாய்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி, அதனால் எத்தனையோ வீடுகளில் அது கஷ்ட காலத்தில் கொலுசாகவும் அரைஞாண் கொடியாகவும் உருகிப் போயிருக்கும். கூலிவேலைப் படையினருக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள், அதை யாரும் உருக்கவில்லை. புளி போட்டுத் தேய்க்கிற ஆசையை மட்டும் அடக்குங்கள், தேய்த்தால் விளிம்பு எழுத்துதான் முதலில் போகும்.

மூன்றாமவர் கிடைக்கவில்லை. ஊரில் ஒரு குடும்பம், அது எங்கள் கொள்ளுத் தாத்தாதான் என்று உறுதியாகச் சொன்னது. பேப்பர் இல்லை, பதக்கம் இல்லை, சொன்ன வயதைக் கணக்குப் போட்டால் போர் தொடங்கும்போது அவருக்கு ஏழு வயதுகூட ஆகியிருக்காது. மாட்டேன் என்று சொல்வது சங்கடமாக இருந்தது. இன்றும் அந்த வீட்டில் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதைவிட எனக்கு வலித்தது வேறு. பெயர் தெரியாமல் இருந்தவரை, ‘நம்ம ஊர் வீரர்கள்’ என்று எல்லாரும் மார்தட்டினார்கள், பெரிய தூண் எழுப்பலாம், ஆர்ச் வைக்கலாம் என்று பேச்சு ஓடியது. கிடைத்த இரண்டு பெயரும் காலனிக்காரர்கள் என்று தெரிந்ததும் கூட்டத்துக்கு வருகிற ஆட்கள் குறைந்தார்கள். யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஒருவருக்கு அறுப்பு, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி. ஒருவர் மட்டும், “வெள்ளைக்காரனுக்காகச் செத்தவனுக்கு நாம எதுக்கும்மா கல்லு வைக்கணும், வேலூர்ல அவனை எதிர்த்துச் செத்தவங்களுக்குத் தூண் இருக்கு, அது நியாயம்” என்றார். 1806 ஜூலை 10 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்தைச் சொல்கிறார். கேள்வி தப்பில்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு முன் ஆர்ச் வைக்க வேண்டும் என்றவரும் அவரேதான். 11 ரூபாய்க்காகக் கப்பல் ஏறியவனிடம் போய் யாருக்காகச் செத்தாய் என்று நூறு வருடம் கழித்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவன் செத்தான், அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுதினால் போதும் என்பது என் கட்சி.

எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு, மகேந்திர பல்லவனின் முப்பத்து நான்காவது ஆட்சியாண்டு, ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கம். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு வைத்த கல். பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். எருமை மேய்த்த ஊர் 1,400 வருடத்துக்கு முன்னால் நாயின் பெயரைக்கூட விடவில்லை. பஸ்ராவில் ராஜ்ஜியம் ஆண்டவர்களுக்கு மனிதர் பெயருக்கு இடம் இல்லை. காலனியில் நடந்த ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பையன், “அந்த நாய்க்கு இருந்த மரியாதை எங்க தாத்தாவுக்கு இல்ல” என்றான். யாரும் எதுவும் பேசவில்லை.

கடைசியில் தூணும் இல்லை, ஆர்ச்சும் இல்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் மனு கொடுத்துத் தீர்மானமாக எழுதி வாங்கினோம். பழைய கல்லைப் பத்திரமாக எடுத்துப் புதுக் கட்டடத்தில் வைப்பது, அதன் கீழே தமிழில் ஒரு சின்னக் கருங்கல். வாய்வார்த்தை கான்ட்ராக்டரிடம் செல்லாது, தீர்மான நகல் கையில் இருக்க வேண்டும். கல்லை எடுக்கும்போது அதன் ஓரத்தில் உளி வைக்கக் கூடாது, பின்பக்கத்திலிருந்து செங்கல்லை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரை என்பதால் விட்டுக்கொடுத்தது. திரும்பப் பதிக்கும்போதும் சிமென்ட் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சுண்ணாம்புக் கலவையே போடச் சொன்னோம். சிமென்ட் பிடித்தால் அடுத்த முறை கல் உடைந்துதான் வரும், உப்புப் பூத்துக் கறையும் ஏறும்.

புதுக் கல்லில் என்ன எழுதுவது என்பதில்தான் பெரிய சண்டை. கோயில் டியூப்லைட்டில்கூட உபயம் எழுதுகிற ஊர் இல்லையா, முதல் வரைவில் தலைமை, முன்னிலை, திறந்து வைப்பவர், நன்கொடையாளர் என்று உயிரோடு இருக்கிற பதினான்கு பேர், செத்தவர்கள் இரண்டு பேர். காசு கொடுத்தவர்கள் பெயரை ஒரு பேப்பரில் எழுதிப் பெரிய வாத்தியார் அறையில் பிரேம் போட்டு மாட்டலாம் என்று பேசி முடிக்க இரண்டு மாதம். கல்லில் பெயர், தகப்பன் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, இடம். மூன்றாவது வரியாக, இன்னொருவர் பெயர் தெரியவில்லை என்று அப்படியே எழுதினோம். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் சுருக்கமாக எழுதினால் பட்டறைக்காரரைத் தவிர எல்லாருக்கும் நல்லது. வெட்டுவதற்கு முன் சாக்பீஸில் எழுதிக் காட்டச் சொல்லி, சம்பந்தமே இல்லாத இரண்டு பேரை விட்டுச் சத்தமாகப் படிக்க வையுங்கள். எங்கள் கல்லில் ‘சாப்பர்’ என்பது ‘சாப்பாடு’ என்று வந்திருந்தது. ஆறாவது படிக்கும் ஒரு பெண்தான் பிடித்தாள்.

திறப்பு விழா என்று எதுவும் வைக்கவில்லை. அந்தப் பேத்தி வந்தார், கொண்டுவந்த மல்லிகைச் சரத்தை எங்கே மாட்டுவது என்று சுவரைப் பார்த்தார். ஆணி இல்லை. தம்பி போய் ஒன்று அடித்துக் கொடுத்தான்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர், “இதையும் அடிச்சிரட்டுமா?” என்று கேட்டாராம். பெரிய வாத்தியார் பதறிப்போய் இரண்டு கல்லையும் தினத்தாளால் மூடி டேப் ஒட்டச் சொல்லியிருக்கிறார். டேப்பை உரித்தபோது புதுக் கல்லின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒழுகியிருந்தது. துடைக்கத் துணியை எடுத்தவரிடம் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, “ஆசிட் போடாதீங்க!” என்று கத்தியிருக்கிறார்கள்.